கார்லோஸ் ஸம்ப்ரானோ மீது கப்ஸ் ரசிகர்களுக்கு ஏன் அவ்வளவு ஆற்றாமை?

கேள்வி இதுதான்: அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸின் பழைய ரசிகர்கள் கார்லோஸ் ஸம்ப்ரானோ பேச்சை எடுத்தாலே அலுத்துக்கொள்கிறார்கள். 132 ஆட்டங்களை வென்ற பிட்சர், அதாவது பந்து வீசுபவர். சிறந்த வீரர்களுக்கான ஆல்ஸ்டார் அணியில் மூன்று முறை இடம்பெற்றவர். அப்படிப்பட்டவர் மேல் இவ்வளவு வருத்தம் எதற்கு? கோபக்காரர் என்பதாலா, தோற்றதாலா?

தோல்வி காரணமாக இருக்க முடியாது. 1908-இல் பேஸ்பாலின் இறுதிப் பட்டமான உலகத் தொடரை வென்ற கப்ஸ் அடுத்து வென்றது 2016-இல். நடுவில் வாழ்ந்து முடித்த ரசிகர்களுக்குத் தோல்வி பழகிப்போன சமாச்சாரம். கோபமும் தனியாக ஒரு காரணம் ஆகாது. அதே கோபத்துக்காக அதே ரசிகர்கள் அவரைக் கொண்டாடிய நாட்களும் உண்டு. ஸம்ப்ரானோவிடம் அவர்களை வதைத்தது, அவருடைய கோபம் பந்தில் தெரிந்தது என்பதுதான். அவர் நிதானம் இழந்த அடுத்த நிமிடம் பந்து இறங்க மறுக்கும், உயரமாக வரும், அடி விழும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரியும், ஆனால் ஒன்றும் செய்ய முடியாது. பிறகு அந்தக் கோபம் சொந்த அணிக்காரர்கள் மேலேயே திரும்ப ஆரம்பித்தது. அங்கேதான் ரசிகர்களுக்கு மனம் விட்டுப்போனது.

பேஸ்பாலில் பிட்சரின் இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரிய வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஓவர் மாற்றி ஓவர் வீசுபவர் இல்லை. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஆறு ஏழு இன்னிங்ஸ் வரை எதிரணி சந்திக்கும் ஒவ்வொரு பந்தும் அவர் கையிலிருந்துதான் போகும். அப்படி வீசிவிட்டு நான்கு நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் மறுபடி. ஒரு அணியில் இப்படி ஐந்து பேர். அவர்களில் முதன்மையானவர் வீசும் நாளில், இன்றைக்கு வெற்றி நிச்சயம் என்ற நினைப்போடு மக்கள் மைதானத்துக்கு வருவார்கள். அவர் முதல் இன்னிங்ஸிலேயே நான்கு ரன் கொடுத்துவிட்டால் அந்த நாள் போச்சு. திருத்திக்காட்ட இன்னும் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும்.

ஸம்ப்ரானோ வெனிசுவேலாவின் புவெர்ட்டோ கபேயோ ஊர்க்காரர், 1981-இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கப்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டது. பெரிய லீகில், அதாவது அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பாலில், முதல் ஆட்டம் 2001-இல். 2003-இல் கப்ஸ் உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி தூரத்தில் நின்றது. நான்கு ஆட்டம் வெல்ல வேண்டிய தொடரில் ஃபுளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை. ஐந்தாவது ஆட்டத்தைத் தொடங்கியவர் 22 வயது ஸம்ப்ரானோ. எதிரே ஜோஷ் பெக்கெட், இரண்டே இரண்டு ஹிட் (மட்டைக்காரர் பந்தை அடித்து, ஓடி அடையும் இடமான பேஸை எட்டுவது) மட்டும் கொடுத்து 4-0 என்று ஆட்டத்தைக் கொண்டுபோய்விட்டார். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் கப்ஸ் தோற்றது. அந்த அணியின் பெரிய நம்பிக்கைகள் மார்க் ப்ரையரும் கெர்ரி வுட்டும்தான். அடுத்தடுத்த ஆண்டுகளில் இருவரையும் காயங்கள் முடக்கிவிட்டன. மூன்றாம் ஆளாக இருந்த ஸம்ப்ரானோதான் மிஞ்சினார். மற்ற இருவர் மேல் வைத்திருந்த ஆசையையும் ரசிகர்கள் இவர் தலையிலேயே இறக்கிவைத்தார்கள். பின்னால் வந்த கசப்பின் அளவு இதைச் சொல்லாமல் விளங்காது.

அவரும் அந்தப் பாரத்தைச் சுமந்தார். 2003 முதல் 2007 வரை ஐந்து ஆண்டுகளும் 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். 2004-இல் 16 வெற்றி. ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்று கணக்கிடும் சராசரி வெறும் 2.75. மட்டையும் பிடிப்பார். இடப்பக்கம் நின்றும் வலப்பக்கம் நின்றும் ஆடுவார், கிரிக்கெட் சிக்ஸர் போல வேலியைத் தாண்டும் ஹோம் ரன் மொத்தம் 24 அடித்திருக்கிறார். ஒரு பிட்சருக்கு இது அதிசயம். நன்றாக மட்டையாடும் பிட்சருக்கான சில்வர் ஸ்லக்கர் விருது மூன்று முறை கிடைத்தது. ஆறடி நான்கு அங்குல மனிதர் அவுட்டாகிவிட்டுத் தன் மட்டையை முழங்காலில் வைத்து இரண்டாக முறித்துப் போடுவார். கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டில் அதற்கும் கைதட்டல் விழும்.

இப்போது அந்தப் பந்துக்கு வருகிறேன். ஸம்ப்ரானோவின் முக்கிய ஆயுதம் சிங்கர். நல்ல வேகத்தில் வந்து, மட்டைக்காரரின் முழங்கால் உயரத்தில் சட்டென்று கீழே இறங்கும் பந்து. மட்டைக்காரர் பந்தின் தலையில்தான் அடிப்பார், அது தரையோடு உருண்டு ஃபீல்டர் கைக்குப் போகும். சிங்கருக்கு ஒரு குணம் உண்டு: இன்னும் வேகமாக, இன்னும் பலமாக வீசப் போனால் அது இறங்காது. ஆத்திரத்தில் அவசரப்படும்போது முன் தோள் சீக்கிரமே திறந்துகொள்ளும், கை பின்தங்கிவிடும், பந்து கையை விட்டுப் போகும் இடம் மாறும். முழங்காலில் விழ வேண்டியது இடுப்புக்கு வரும், அதுவும் நேர்கோட்டில். பெரிய லீக் மட்டைக்காரருக்கு அதைவிட நல்ல பந்து கிடைக்காது. இல்லையென்றால் பந்து போக வேண்டிய ஸ்டிரைக் பகுதியை விட்டு எங்கேயோ போகும். அப்படி நான்கு பந்து போனால் எதிரணிக்கு ஓசியில் ஒரு பேஸ், அதற்குப் பெயர் வாக். 2006-இல், பெரிய லீகின் இரு பாதிகளில் ஒன்றான நேஷனல் லீகில் வேறு யாரையும்விட அதிகமாக 115 வாக் கொடுத்தார். அதே ஆண்டு லீகில் அதிக வெற்றி பெற்றவர்கள் வரிசையிலும் 16 வெற்றியோடு முதலிடத்தில் இருந்தார். ஒரே ஆண்டில் இரண்டும்! அந்த ஆண்டு முழுக்க அவரைப் பார்த்தவருக்கு ரத்தக்கொதிப்பு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

அதனால் கப்ஸ் ரசிகர்கள் எண்ணிக்கைப் பலகையைப் பார்ப்பதற்கு முன் ஸம்ப்ரானோவின் உடம்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். அம்பயர் ஒரு பந்தை 'பால்', அதாவது ஸ்டிரைக் பகுதிக்கு வெளியே, என்று சொன்னதும், மட்டைக்காரருக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சரிடமிருந்து பந்தை வெடுக்கென்று பிடுங்குவது போல வாங்குகிறாரா? பந்து வீசும் மேட்டைச் சுற்றி நடக்கிறாரா? தனக்குத்தானே பேசுகிறாரா? சரி, அடுத்த மூன்று பந்துகள் மேலேதான் வரப்போகின்றன.

2007 ஜூன் 1. அன்று அவருக்குப் பிறந்தநாள். ரிக்லி ஃபீல்டில் அட்லாண்டா பிரேவ்ஸ் அவரைத் துவைத்து எடுத்தது. ஐந்தாம் இன்னிங்ஸில் கேட்சர் மைக்கேல் பாரெட் ஒரு பந்தைத் தவறவிட்டு, தவறாகவும் எறிந்தார். இன்னிங்ஸ் முடிந்து வந்ததும் வீரர்கள் உட்காரும் டக்அவுட்டிலேயே, கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் கைகலந்தார்கள். உள்ளே உடைமாற்றும் அறையிலும் சண்டை தொடர்ந்தது. பாரெட்டுக்கு உதட்டில் தையல் போட வேண்டியதாயிற்று. மூன்று வாரம்கூட ஆகவில்லை, பாரெட்டைச் சான் டியேகோ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதன் மறுநாளைக் கவனிக்க வேண்டும். கப்ஸின் மேனேஜர், அதாவது தலைமைப் பயிற்சியாளர், லூ பினெல்லா ஒரு அம்பயரோடு மல்லுக்கு நின்று, தொப்பியைத் தரையில் அடித்து, காலால் மண்ணை வாரி இறைத்து வெளியேற்றப்பட்டார். படுமோசமாக ஆடிக்கொண்டிருந்த கப்ஸ் அதற்குப் பிறகு நிமிர்ந்தது, அந்த ஆண்டு தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. ஸம்ப்ரானோவும் அடுத்த இரண்டு மாதம் அபாரமாக வீசினார், ஆண்டு முடிவில் 18 வெற்றி. அந்த இரண்டு நாள் ரகளைதான் தூங்கிய அணியை எழுப்பியது என்று ஊரே பேசியது. என் அபிப்பிராயத்தில் பின்னால் வந்த துயரத்துக்கு விதை இங்கேதான் விழுந்தது. கேட்சரை அடித்தவர் இருந்தார், அடிபட்டவர் போனார். ரசிகர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆகஸ்டில் ஐந்து ஆண்டுகளுக்கு 9.15 கோடி டாலர் என்று புது ஒப்பந்தமும் வந்தது. இந்தக் கோபத்துக்கு விலை ஏதும் கொடுக்க வேண்டியதில்லை என்று ஒரு 26 வயது இளைஞருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததில் எல்லோருக்கும் பங்குண்டு.

ஒப்பந்தம் வந்த ஆகஸ்டில் அவருக்கு ஒரு வெற்றிகூட இல்லை. செப்டம்பர் 3 அன்று டாட்ஜர்ஸிடம் அடி வாங்கி மேட்டை விட்டு இறங்கும்போது சொந்த மைதானமே கூச்சலிட்டு விரட்டியது. ஆட்டம் முடிந்ததும் பொரிந்து தள்ளினார்: இவர்கள்தான் உலகின் சிறந்த ரசிகர்கள் என்று நினைத்திருந்தேன், கஷ்டப்படும்போது துணை நிற்காமல் கூச்சல் போடுகிறார்களே, இதை ஏற்க முடியாது என்ற தொனியில் பேசினார். மறுநாள் மன்னிப்பும் கேட்டார். இந்த ஒரு சம்பவத்தில் நான் அவர் பக்கம். ஐந்து ஆண்டுகள் கை தேய வீசியவருக்கு ஒரு கெட்ட மாதத்தைப் பொறுத்துக்கொள்ளாதது சரியில்லை. ஆனால் மனத்தாங்கலை அவர் சொன்ன விதம், ரசிகர்கள் தனக்குக் கடன்பட்டவர்கள் என்பது போல ஆகிவிட்டது. டிக்கெட்டுக்குச் சேமித்துக் குடும்பத்தோடு வந்தவர்களுக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்த அக்டோபரில் நடந்தது வேறு மாதிரி. சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றில், அரிசோனாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ், 85 பந்து, 1-1. பிரமாதமாக வீசிக்கொண்டிருந்தவரை நான்காவது ஆட்டத்துக்கு வேண்டும் என்று பினெல்லா வெளியே எடுத்தார். அடுத்து வந்த கார்லோஸ் மார்மோல் ஏழாம் இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் கொடுத்தார், கப்ஸ் 3-1 என்று தோற்றது. மூன்று ஆட்டத்திலேயே தொடர் முடிந்துவிட்டதால் அந்த நான்காவது ஆட்டம் வரவே இல்லை. 2008-இல் 97 வெற்றியோடு வந்த அணி டாட்ஜர்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் அவர் வீசும்போது தடுமாறியது. உள்வட்ட ஃபீல்டர்கள் நான்கு பேரும் ஆளுக்கொரு பிழை செய்த ஆட்டம் அது. எதிரணி அன்று அவருக்கு எதிராக எடுத்த ரன்களில் பெரும்பகுதி அந்தப் பிழைகளால் வந்தது. பெரிய ஆட்டங்களில் அணியைக் கவிழ்த்தவர் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் ஞாபகப்படுத்துங்கள்.

2008 செப்டம்பர் 14 பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஐக் புயலால் ஹூஸ்டனில் ஆட முடியாமல் மில்வாக்கிக்கு மாற்றப்பட்ட ஆட்டம். ஆஸ்ட்ரோஸ் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் வீசி முடித்தார். 110 பந்து, மூன்று ஸ்டிரைக்கில் ஆளை அவுட்டாக்கும் ஸ்டிரைக்அவுட் 10, 5-0. 1972-இல் மில்ட் பப்பாஸுக்குப் பிறகு கப்ஸ் பிட்சர் ஒருவரின் முதல் நோ-ஹிட்டர். அன்று அவர் முகத்தில் அவசரமே இல்லை, சிங்கர் இழுத்துப் பிடித்தது போலக் கீழே விழுந்தது. கடைசிப் பந்தில் ஸ்டிரைக்அவுட் எடுத்ததும் மண்டியிட்டு இரு கைகளையும் வானை நோக்கிக் காட்டினார். அடுத்த ஆட்டம் ரிக்லியில், கார்டினல்ஸுக்கு எதிராக. இரண்டு இன்னிங்ஸ்கூடத் தாங்கவில்லை. கப்ஸ் ரசிகரின் பிழைப்பு ஸம்ப்ரானோவோடு எப்படி இருந்தது என்று கேட்டால் இந்த ஒரு வாரத்தைத்தான் காட்டுவேன்.

2009 மே மாதத்தில் பிட்ஸ்பர்க் ஓட்டக்காரர் ஒருவர் ரன் முடியும் இடமான ஹோம் பிளேட்டில் 'சேஃப்', அதாவது அவுட் இல்லை, என்று அம்பயர் மார்க் கார்ல்சன் சொல்ல, ஸம்ப்ரானோ அவரை முட்டுவது போல் நெருங்கினார். வெளியேற்றப்பட்டதும் அம்பயர் செய்வது போலவே கையை வீசி அம்பயரையே வெளியேற்றினார்! பந்தை வெளி மைதானத்துக்கு வீசி எறிந்தார், டக்அவுட்டில் இருந்த கேட்டரேட் பான இயந்திரத்தை மட்டையால் விளாசினார். ஆறு ஆட்டத் தடை. ஆறு ஆட்டம் என்றால் அவர் தவறவிடுவது ஒரு முறையோ இரண்டு முறையோதான், ஆனால் மற்ற பிட்சர்களின் வரிசை முழுக்கக் குலையும். வீடியோவைப் பார்த்துச் சிரித்த பலரும் இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை.

உண்மையான முறிவு 2010-இல். ஏப்ரல் 5, சீசனின் முதல் ஆட்டம், அட்லாண்டாவில். பெரிய லீகில் முதன்முறையாக மட்டை பிடித்த ஜேசன் ஹேவர்ட் அவர் பந்தை மூன்று ரன் ஹோம் ரனாக அடித்தார். ஸம்ப்ரானோ இரண்டாவது இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை, எட்டு ரன் போனது. அந்த மாதமே அவரை நடுவில் வந்து வீசும் புல்பென் வேலைக்கு மாற்றினார்கள். அணியின் முதல் பிட்சராக இருந்தவருக்கு, ஆண்டுக்குச் சுமார் 1.8 கோடி டாலர் வாங்குபவருக்கு, எட்டாம் இன்னிங்ஸ் வேலை. அவர் முணுமுணுக்காமல் போனார், அதையும் சொல்ல வேண்டும். ஜூனில் மறுபடி தொடக்க வரிசைக்கு வந்தார்.

ஜூன் 25, ஊர்ப் பகையாளி வைட் சாக்ஸுக்கு எதிரான ஆட்டம். முதல் இன்னிங்ஸில் நான்கு ரன். டக்அவுட்டுக்கு வந்தவர் முதல் பேஸில் நிற்கும் ஃபீல்டர் டெரெக் லீ இருக்கும் திசையில் கத்த ஆரம்பித்தார். ஆட்டத்தின் முதல் ஹிட் லீயைத் தாண்டிப் போயிருந்தது, அவர் பாய்ந்து தடுக்கவில்லை என்பது குறை. டெரெக் லீ என்றால் அந்த அணியிலேயே அதிர்ந்து பேசாத மனிதர், தங்கக் கையுறை விருது வாங்கிய ஃபீல்டர், எல்லோரும் மதிக்கும் மூத்தவர். பினெல்லா ஸம்ப்ரானோவை அங்கேயே ஆட்டத்திலிருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். நிர்வாகம் இடைநீக்கம் செய்தது, கோபத்தைக் கட்டுப்படுத்தச் சிகிச்சைக்கும் அனுப்பியது. ஒரு மாதத்துக்கு மேல் களத்தில் இல்லை. அம்பயரைத் திட்டினால் 'நம்ம ஆளு' என்றவர்கள் லீயைத் திட்டியதும் கைவிட்டார்கள். தன் தோல்விக்குப் பக்கத்தில் நிற்பவரைக் காரணம் காட்டுபவரை யாரும் மன்னிப்பதில்லை, அதுவும் நல்லவர் ஒருவரைக் காட்டினால் கேட்கவே வேண்டாம்.

பிறகு நடந்ததுதான் ரசிகர்களை இன்னும் குழப்பியது. ஜூலை கடைசியில் திரும்பி வந்தார். ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடி ஆட்டங்களைத் தொடங்கி, எட்டு வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. சராசரி ஒன்றரைக்குப் பக்கம். அமைதியாக வீசினால் இவ்வளவு முடியும் என்றால் இத்தனை வருஷம் ஏன் இப்படி? சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் ரசிகர்களுக்கு எரிச்சல்தான் கூடியது. அது நியாயமான எரிச்சல் என்றுதான் நினைக்கிறேன்.

2011-இல் நிலைமை திரும்பவும் கெட்டது. ஜூன் 5 அன்று செயின்ட் லூயிஸில் ஆல்பர்ட் புஹோல்ஸின் ஹோம் ரன்னில் தோற்றதும், நாங்கள் கீழ்மட்ட லீக் அணி போல ஆடுகிறோம், வெட்கமாக இருக்கிறது என்று நிருபர்களிடம் சொன்னார். மார்மோல் தவறான பந்தைத் தேர்ந்தெடுத்தார் என்றும் பகிரங்கமாகக் குறை சொன்னார். மோசமான அணி என்று சொன்னது பொய்யில்லை, பல ரசிகர்கள் வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் உள்ளே இருப்பவர் வெளியே வந்து பேசலாமா?

ஆகஸ்ட் 12, மறுபடி அட்லாண்டா. பிரேவ்ஸின் பழைய மேனேஜர் பாபி காக்ஸுக்கு மரியாதை செய்து அவருடைய சட்டை எண்ணுக்கு ஓய்வு கொடுத்த இரவு, அரங்கம் நிரம்பி வழிந்தது. ஐந்தாம் இன்னிங்ஸ் முடிவதற்குள் ஸம்ப்ரானோ ஐந்து ஹோம் ரன் கொடுத்தார். பிறகு சிப்பர் ஜோன்ஸின் உடம்பை நோக்கி அடுத்தடுத்து இரண்டு பந்து. அம்பயர் வெளியேற்றினார். ஆட்டம் முடிவதற்கு முன்பே லாக்கரைக் காலி செய்துகொண்டு, ஓய்வு பெறப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போய்விட்டார். மேனேஜர் மைக் குவேடுக்கும் மற்ற வீரர்களுக்கும் அதற்கு மேல் பொறுமை இல்லை. தகுதியிழந்தோர் பட்டியலில் வைத்து 30 நாள் சம்பளமில்லை என்றார்கள். கப்ஸ் சட்டையில் அவர் வீசியது அதுவே கடைசி. 2012 ஜனவரியில் புது நிர்வாகம் அவரை மயாமி மார்லின்ஸுக்கு அனுப்பியது. 1.8 கோடி டாலர் சம்பளத்தில் சுமார் ஒன்றரைக் கோடியைக் கப்ஸே கட்டியது. போனால் போதும் என்று பணம் கொடுத்து அனுப்பியதற்கு வேறு பெயர் இல்லை.

இந்தக் கதையில் பெரும்பாலானோர் பேசாத ஒன்று அவருடைய கை. 27 வயது ஆவதற்குள் பெரிய லீகில் ஆயிரம் இன்னிங்ஸுக்கு மேல் வீசியாகிவிட்டது. அதுவும் சிக்கனமாக வீசுபவர் இல்லை. வாக் அதிகம் கொடுப்பவர் ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் கூடுதல் பந்து வீச வேண்டும். 2008-க்குப் பிறகு தோள், தொடை, முதுகு என்று காயங்கள் வரிசையாக வந்தன, ஒரு ஆண்டுகூட 200 இன்னிங்ஸைத் தொடவில்லை, வேகமும் குறைந்தது. இளமையில் ஆத்திரத்தில் மேலே வீசிய பந்தைக்கூட வேகம் காப்பாற்றியது. 2011-இல் அதே பந்து அரங்கத்தின் மேல்தட்டுக்குப் போனது. கோபம் பழையதுதான், அதை மறைக்கும் வேகம்தான் போய்விட்டது. ஆத்திரத்தால் கெட்டுப்போனார் என்பது பாதிக் கணக்கு. கை தளர்ந்துகொண்டிருப்பது தெரிந்த ஒருவரின் ஆத்திரமும் அதில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். 2012-இல் மயாமியில் பெரிய ரகளை ஏதும் இல்லை. 7 வெற்றி, 10 தோல்வி, சராசரி 4.49. அத்தோடு பெரிய லீக் வாழ்க்கை முடிந்தது, வயது 31. அவருக்கு மாற்றாகக் கப்ஸுக்கு வந்த பிட்சர் அந்த ஆண்டு வென்றது மூன்று ஆட்டம், தோற்றது 12. அணி மொத்தம் 101 ஆட்டங்களில் தோற்றது.